மேப்பிள் இலை போட்ட சீல்

எங்கள் அலுவலகத்தில் ஒரு சீல்கூட இல்லை என்று நான் சொன்னபோது அந்தப் பெண் நம்பவில்லை. என் மேசையைப் பார்த்தாள். பின்னால் இருந்த அலுமாரியைப் பார்த்தாள். எங்கேயோ ஒளித்துவைத்துக்கொண்டு இல்லையென்கிறேன் என்று நினைத்திருப்பாள். ரொறன்ரோவில் ஒரு பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் துறையில் நான் பதினேழு வருடமாக அலுவலக உதவியாளர். மாணவர்களின் படிவங்கள், கூட்டக் குறிப்புகள், மாதம் ஒருமுறை உயிரை விடும் அச்சு இயந்திரம் எல்லாம் என் தலையில்தான். அத்தனை வருடத்தில் என்னிடம் வந்து சீல் கேட்ட முதல் ஆள் அவள்.

அவள் செக் நாட்டிலிருந்து வந்திருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிறவள். பத்து மாதம் இங்கே வந்து ஆராய்ச்சி செய்ய அவளுடைய நாட்டு அரசாங்கம் புலமைப்பரிசில் கொடுத்திருந்தது. பனிக்காலத்தில் எங்கள் வீதிகளில் கொட்டுகிற உப்பு கரைந்து, ஓடைகளுக்குள் போய், அங்கே என்ன செய்கிறது என்பதுதான் அவள் படிக்க வந்த விஷயம். அதைப் படிக்க இதைவிட நல்ல ஊர் கிடைக்காது. சப்பாத்தைக் கழற்றி வைத்தால் காலையில் வெள்ளைக் கோடு கோடாக உப்புக் காய்ந்திருக்கும் ஊர் இது.

அவள் நீட்டிய படிவம் ஒரே ஒரு பக்கம். இன்னார் வந்து சேர்ந்துவிட்டார், படிப்பைத் தொடங்கிவிட்டார் என்று நாங்கள் உறுதிப்படுத்த வேண்டும். இடப்பக்கம் கையெழுத்துக்கு ஒரு கோடு. வலப்பக்கம் புள்ளி புள்ளியாக ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள் சீல் விழ வேண்டும். வந்த நாளிலிருந்து முப்பது நாளுக்குள் படிவம் அவளுடைய நாட்டிலுள்ள புலமைப்பரிசில் அலுவலகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் எல்லாம் ரத்து. பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிப் போகவேண்டியதுதான்.

எங்கள் துறைத் தலைவர் நல்ல மனிதர். காகிதத்தைக் கண்டால் மட்டும் அவருக்குப் பிடிக்காது. நின்ற நிலையில் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, "இது போதும். இங்கே கையெழுத்துத்தான் முத்திரை" என்று சிரித்துக்கொண்டு போய்விட்டார். அவள் சிரிக்கவில்லை. படிவத்தை ஓர் உறைக்குள் வைத்து, உறையை ஒரு புத்தகத்துக்குள் வைத்து, புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள். அப்போதே எனக்கு மனதுக்குள் ஏதோ செய்தது. காகிதத்தை அப்படிப் பிடிக்கிறவர்களை நான் அகதியாக வந்த எங்கள் ஆட்களிடையேதான் கண்டிருக்கிறேன்.

இரண்டு கிழமையில் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. ஒரே ஒரு வரியில் பதில் வந்திருந்தது: முத்திரை இல்லை, ஏற்க முடியாது. இன்னும் ஒன்பது நாள்தான் இருந்தது. துறைத் தலைவர் ஒரு மாநாட்டுக்காக வன்கூவர் போயிருந்தார். நான் பல்கலைக்கழகத்தின் தலைமை நிர்வாகப் பகுதிக்குத் தொலைபேசி எடுத்தேன். அங்கே ஒரு சீல் இருந்தது, ஆனால் அது பட்டச் சான்றிதழ்களுக்கு மட்டுமாம். வேறு தேவைக்கு வேண்டுமென்றால் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும், மூன்று கிழமை ஆகும் என்றார்கள். நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள். தன் நாட்டில் சலவைக் கடைக்காரனிடம்கூட ஒரு சீல் இருக்கும் என்று மெல்லச் சொன்னாள். பிறகு என் முன்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்து, தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளைவிட எனக்குத்தான் கோபம் வந்தது. காரணம் இருக்கிறது. எனக்குப் பத்தொன்பது வயதில் இந்தியாவில் போய்ப் படிக்க ஓர் அரசாங்கப் புலமைப்பரிசில் கிடைத்தது. எங்கள் பக்கத்தில் அந்த வருடம் இரண்டு பேருக்குத்தான் கிடைத்தது. வதிவிடச் சான்றிதழில் ஒரு சீல் குறைவாக இருந்தது. அதற்காக ஓர் அரசாங்க அலுவலகத்துக்குச் சைக்கிளில் போனேன். சீல் குத்த வேண்டிய ஐயா இல்லை, நாளைக்கு வாங்கோ என்று அங்கிருந்த கிளார்க் சொன்னார். அவருடைய மேசை லாச்சி பாதி திறந்திருந்தது. அதற்குள் சீல் கிடந்ததை என் கண்ணால் கண்டேன். "அண்ணை, உதிலை கிடக்குதுதானே, ஒருக்கால் குத்தி விடுங்கோவன்" என்று கெஞ்சினேன். அவர் லாச்சியை மூடிவிட்டு, குனிந்து, ஒரு பெரிய பதிவேட்டில் எதையோ எழுதத் தொடங்கினார். நான் அரைமணி நேரம் நின்றேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த நாள் சண்டை தொடங்கி, பாதையை மூடிவிட்டார்கள். பாதை திறந்தபோது கடைசித் திகதி போய்விட்டது. அந்த மனிதர்மேல் எனக்கிருந்த கோபம் முப்பது வருடமாகியும் ஆறவில்லை.

அன்று வேலை முடிந்ததும் நான் நேரே ஸ்காபரோவுக்கு பஸ் எடுத்தேன். அங்கே ஒரு பிளாசாவில் எங்கள் ஆட்களின் அச்சுக்கடை இருக்கிறது. கல்யாணக் கார்ட், கோயில் ரசீது, செத்தவரின் நினைவாக அந்தியேட்டியில் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம், எல்லாம் அடிப்பார்கள். சீலும் செய்வார்கள். கடைக்காரத் தம்பிக்கு முப்பத்தைந்து வயதிருக்கும்.

"வட்டமோ சதுரமோ அன்ரி?"

"வட்டம்."

துறையின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். அவர் கொம்பியூட்டரில் அடித்துக் காட்டினார். வட்டத்தின் ஓரம் முழுக்க எழுத்து, நடுவில் வெறுமை.

"நடுவிலை ஒண்டும் இல்லாட்டி மொட்டையாக் கிடக்கும். பிள்ளையார் போட்டுவிடட்டோ?"

"தம்பி, இது யூனிவேர்சிற்றிக்கு."

"அப்ப ஒரு மேப்பிள் இலை போடுவம். வடிவாயிருக்கும்."

நான் ஓம் என்றேன். இதை எழுதும்போதுகூட என் தலையில் நானே குட்ட வேண்டும் போல இருக்கிறது. ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரில் சீல் செய்ய எனக்கு யார் அதிகாரம் தந்தது என்று அந்தக் கடையில் எனக்கும் தோன்றவில்லை, அந்தத் தம்பிக்கும் தோன்றவில்லை. எங்கள் ஆட்களுக்கு சீல் என்பது அடுப்பு, சட்டி மாதிரி, தேவைப்பட்டால் வாங்குகிற சாமான். கோயிலுக்கு ஒன்று, ஊர்ச் சங்கத்துக்கு ஒன்று, விளையாட்டுக் கழகத்துக்கு ஒன்று. நான் பொய் எதுவும் சொல்லவில்லையே, துறை உண்மையான துறை, கையெழுத்து உண்மையான கையெழுத்து, அவள் வந்து சேர்ந்ததும் உண்மை என்றுதான் நினைத்தேன். அரை மணித்தியாலத்தில் சீல் கைக்கு வந்தது.

அடுத்த நாள் காலை அவளைக் கூப்பிட்டேன். கையெழுத்துப் போட்ட படிவம் அவளுக்குத் திரும்பி வந்திருந்தது. அந்தப் புள்ளி வட்டத்துக்குள் சரியாக வைத்து, முழங்கை நிமிர்த்தி, ஒரே அழுத்து. நீல நிறத்தில் பளிச்சென்று விழுந்தது. அவள் குனிந்து அதையே பார்த்தாள்.

"கிடைத்துவிட்டதா?" என்றாள்.

"கிடைத்துவிட்டது" என்றேன்.

அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. மை காயும்வரை படிவத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்று முழுவதும் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. அந்தக் கிளார்க்குக்கு நல்ல பதில் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு திரிந்தேன். சீலை என் மேசையின் கீழ் லாச்சியில், தேயிலைப் பெட்டிக்குப் பின்னால் வைத்தேன்.

எனக்குத் தெரியாத ஒன்று நடந்திருந்தது. துறைத் தலைவர் நல்ல மனிதர் என்றேன் அல்லவா. அவள் தன் கஷ்டத்தை அவருக்கும் எழுதியிருந்தாள். அவர் வன்கூவரில் ஹோட்டலில் இருந்தபடியே அந்தப் புலமைப்பரிசில் அலுவலகத்துக்கு நேரே ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். எங்கள் துறையில் முத்திரை என்று ஒன்று கிடையாது, நாங்கள் அப்படி எதையும் பாவிப்பதில்லை, என் கையெழுத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று. அந்த மின்னஞ்சல் போய் ஒரு கிழமையில், மேப்பிள் இலை போட்ட நீலச் சீலோடு அவளுடைய படிவம் அவர்கள் மேசைக்குப் போனது.

பனி கொட்டத் தொடங்கிய கிழமையில் பதில் வந்தது. அது துறைத் தலைவருக்கு வந்த கடிதம். முத்திரையே இல்லை என்று நீங்கள் எழுதிய பிறகு இந்த முத்திரை எங்கிருந்து வந்தது, இது உங்களுடையதா என்று கேட்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமைக்குள் பதில் வேண்டும். முத்திரை போலியானால் புலமைப்பரிசில் உடனே நிறுத்தப்படும், மாணவிமேல் நடவடிக்கை எடுக்கப்படும். பதில் வரும்வரை அவளுடைய உதவித்தொகை நிறுத்தி வைக்கப்படுகிறது. துறைத் தலைவர் கடிதத்தை எனக்கும் அனுப்பி, புதன்கிழமை கூட்டம் வைக்கச் சொன்னார். நீங்கள் வந்து குறிப்பு எடுங்கள் என்றார். வழக்கமாக எல்லாக் கூட்டத்துக்கும் நான்தான் குறிப்பு எடுப்பேன்.

கூட்டத்துக்கு முன்பே சொல்லியிருக்கலாம். அதற்கு ஒன்றரை நாள் இருந்தது. அவருடைய கதவுக்கு முன்னால் மூன்று தரம் போனேன். ஒருதரம் அவர் தொலைபேசியில் இருந்தார். ஒருதரம் கதவு மூடியிருந்தது. மூன்றாம் தரம் கதவும் திறந்திருந்தது, அவரும் சும்மாதான் இருந்தார். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவள் போலக் கடந்து போய்விட்டேன்.

கூட்டம் அவருடைய அறையிலேயே நடந்தது, நாங்கள் மூன்று பேர்தான். அவர் படிவத்தைத் திரையில் பெரிதாக்கிக் காட்டினார். அந்த மேப்பிள் இலை என் கையளவுக்குத் தெரிந்தது. பெரிதாகப் பார்த்தபோது அதன் காம்பு வளைந்திருந்ததும் தெரிந்தது.

"இந்த முத்திரை எங்கே குத்தப்பட்டது?" என்று அவளிடம் கேட்டார். கடுமையாகக் கேட்கவில்லை.

அவள் என்னைப் பார்க்கவில்லை. நான் குறிப்பு எடுக்கிற மஞ்சள் கொப்பியைப் பார்த்தாள்.

"எனக்கு நினைவில்லை."

"ஆறு கிழமைக்கு முன் நடந்தது. நினைவில்லையா?"

"இல்லை."

"இந்தக் கட்டிடத்தில் யாராவது குத்தித் தந்தார்களா?"

அவளுடைய கழுத்து சிவந்துகொண்டு வந்தது. நான் பேனையைப் பிடித்தபடி இருந்தேன்.

"நினைவில்லை" என்றாள் மறுபடி.

"இப்படிச் சொன்னால் உனக்கு நான் உதவ முடியாது. உனக்கு விளங்குகிறதா? உன்னைத் திருப்பி அழைத்துவிடுவார்கள்."

"விளங்குகிறது."

நான் எழுதினேன். மாணவிக்கு நினைவில்லை என்று என் கையால், தெளிவான எழுத்தில் எழுதினேன். தலையை நிமிர்த்தவில்லை. அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பதினேழு வருட நம்பிக்கை அது. அவள் எழுந்து போன பிறகு பெருமூச்சு விட்டு, "நாளைப் பின்னேரத்துக்குள் ஒரு பதில் கடிதம் தயார்செய்யுங்கள். இந்த முத்திரை எங்களுடையதல்ல என்று எழுதுங்கள். அவ்வளவுதான் நாங்கள் செய்யலாம்" என்றார்.

எங்கள் வீடு ஸ்ரௌவ்வில்லில். போன வருடம்தான் வாங்கினோம். என் கணவருக்கு மிசிசாகாவில், விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் வேலை. அன்று அவர் வந்து உடுப்பு மாற்றும்வரைகூட என்னால் பொறுக்க முடியவில்லை. சோறு வடித்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன்.

"உமக்கென்ன விசரோ? ஆர் உம்மைச் சீல் செய்யச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை."

"அந்தப் பிள்ளையே உம்மடை பேரைச் சொல்லேல்லை. பிறகேன் நீராப் போய்க் கழுத்தை நீட்டுறீர்?"

"அவளைத் திருப்பி அனுப்பிப் போடுவினம்."

"அனுப்பினால் தாய் தேப்பனட்டைத்தானே போகப் போறாள். அங்கை என்ன குண்டே விழுகுது?"

எனக்குச் சுரீரென்று வந்தது. ஆனால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. அகதியாக வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஒரு அறைக்குள் ஆறு பேராக இருந்து, வழக்குக்காக இரண்டு வருடம் காத்திருந்தவர். விசாரணையில் அவர் கொடுத்த ஒரு கடிதத்தின் சீல் மங்கலாக இருக்கிறதென்று அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்களாம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் அவருக்கு வியர்க்கும்.

"கள்ளப் பேப்பர் எண்டு ஒருக்கால் பைலிலை ஏறினால் பிறகு இறங்காது" என்றார், குரலைத் தாழ்த்தி.

"நாங்கள் இப்ப சிற்றிசன்."

"சிற்றிசன் எண்டாப்போலை பயம் போட்டுதோ?"

போகவில்லைதான். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. வேலை போனால் இந்த வயதில் யார் தருவார்கள், இந்த வீட்டை எப்படி வைத்திருப்பது என்றெல்லாம் யோசித்தேன். வாயைத் திறக்காமல் இருந்தால் எல்லாம் தானாக முடிந்துவிடும் என்ற யோசனையும் வந்தது. வந்தது மட்டுமில்லை, கொஞ்ச நேரம் நிம்மதியாகவும் இருந்தது. அதை மறைத்து எழுதிப் பயனில்லை.

வியாழன் காலை ஆய்வுகூடத்துக்குப் போனேன். அவள் மட்டும் இருந்தாள். ஓடைகளில் எடுத்த தண்ணீர்ப் போத்தல்களை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் பெயர்த் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு தாளில் பட்டியல் எழுதியிருந்தாள். எந்த ஓடை, எந்தப் பாலத்துக்குக் கீழே, எத்தனை மணிக்கு என்று.

"இது என்ன?"

"நான் போன பிறகு தண்ணீர் எடுக்கப் போகிறவருக்கு. மார்ச் வரைக்கும் யாராவது எடுக்க வேண்டும். பாதியில் விட்டால் இதுவரை எடுத்ததும் வீண்."

"ஏன் அப்படிச் சொன்னாய்? நான்தான் குத்தினேன் என்று சொல்லியிருக்கலாமே."

அவள் போத்தலைக் கீழே வைத்தாள். "அன்றைக்குச் சீலின் பிடியில் கடையின் விலைத் துண்டு ஒட்டியிருந்தது. புதிது என்று எனக்குத் தெரியும். நான் கேட்கவில்லை. கேட்டால் நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள், பிறகு நான் அதை அனுப்ப முடியாது. அதனால் கேட்கவில்லை." கொஞ்சம் நிறுத்தினாள். "எனக்காகச் செய்தீர்கள். உங்களுக்கு வேலை போய்விடும். எனக்குப் போவது ஒரு வருடம்தான்."

ஒரு வருடம்தான் என்று சொல்லிக்கொண்டே அடுத்த துண்டை ஒட்டினாள். அது கோணலாக ஒட்டியது. உரித்து மறுபடி ஒட்டினாள், மறுபடியும் கோணல். அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை என்றாள். அவளுடைய சின்ன ஊரில் இப்படி அரசாங்கப் புலமைப்பரிசிலில் கடல் கடந்து போன முதல் ஆள் அவள்தானாம். ஊர்ப் பத்திரிகையில் படம்கூட வந்ததாம்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கூடுதலாகக் கோபமும் வந்தது. என் மகள் வயது. எனக்கு விட்டுக்கொடுக்க இவள் யார்? மேலே வந்து கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

துறைத் தலைவர் சொன்ன கடிதத்தை முதலில் அடித்தேன். மூன்றே வரி. பிறகு இன்னொன்று அடித்தேன். இந்த முத்திரையை நான் யாரிடமும் கேட்காமல் செய்வித்தேன், நானே குத்தினேன், மாணவி என்னிடம் கேட்கவில்லை, துறைத் தலைவருக்கும் தெரியாது, கையெழுத்தும் தகவல்களும் உண்மையானவை என்று எழுதினேன். இரண்டையும் எடுத்துக்கொண்டு, தேயிலைப் பெட்டிக்குப் பின்னாலிருந்த சீலையும் எடுத்துக்கொண்டு அவருடைய அறைக்குள் போனேன். கதவு திறந்துதான் இருந்தது.

அவர் இரண்டையும் வாசித்தார். சீலை எடுத்து, ஒரு வெள்ளைத் தாளில் அழுத்திப் பார்த்தார். நீலத்தில் மேப்பிள் இலை விழுந்தது. நெடுநேரம் அதையே பார்த்தார்.

"எங்கே செய்தீர்கள்?"

"ஸ்காபரோவில்."

"நான் வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஒரு தொலைபேசி எடுத்திருக்கலாம்."

"ஓம், எடுத்திருக்கலாம்."

கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நேற்று நீங்கள் இந்த அறையில் இருந்தீர்கள்" என்றார். "அந்தப் பெண் நினைவில்லை என்று சொல்லும்போது, நீங்கள் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தீர்கள்."

அவர் இரண்டாவது கடிதத்தில் என் கையெழுத்துக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட்டார். முதலாவதைக் கிழித்தார். பிறகு ஆளணிப் பகுதிக்குத் தொலைபேசி எடுத்தார். நான் அங்கேயே நின்றேன்.

இரண்டு கிழமை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். விசாரித்துவிட்டுச் சொல்வார்களாம். ஸ்ரௌவ்வில்லில் கார் இல்லாதவளுக்குப் பகல் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரிந்தது. கணவர் காரைக் கொண்டு போய்விடுவார். சுற்றிவர ஒரே மாதிரிப் புது வீடுகள், நடந்து போக ஒரு கடையும் இல்லை. தொலைபேசியை மேசையில் வைத்துக்கொண்டு அதற்கு முன்னாலேயே இருப்பேன். என் வேலையைப் பற்றிய செய்திக்காக அல்ல. அவளுக்கு என்ன பதில் வந்தது என்பதற்காக. ஒவ்வொரு நாளும் காலையில் அவள் ஒரு வரி அனுப்புவாள்: இன்னும் இல்லை. ஒருநாள் அதுவும் வரவில்லை. கறி அடிப்பிடித்து வீடு முழுக்கப் புகை. எனக்கு அது மணக்கக்கூட இல்லை.

பின்னேரம் நாலு மணிக்கு வந்தது. ஏற்றுக்கொண்டார்கள் என்று எழுதியிருந்தாள். அடுத்த வரியில், ஆனால் ஒரு நிபந்தனை என்று இருந்தது. படிவத்தைப் புதிதாக நிரப்பி, பல்கலைக்கழகத்தின் உண்மையான முத்திரையோடு அனுப்ப வேண்டும். விளக்கக் கடிதத்திலும் முத்திரை இல்லை, அதிலும் குத்தி அனுப்ப வேண்டும். நான் சமையலறை நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா சிரித்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. துறைத் தலைவர் தலைமை நிர்வாகத்துக்குத் தானே நேரில் போய், எங்கள் துறைக்கென்று ஒரு சீல் வாங்கிக்கொண்டு வந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். மூன்று கிழமை எடுக்கும் என்றவர்கள் அவருக்கு நாலு நாளில் கொடுத்தார்கள்.

என் வேலை தப்பியது. இறுதி எச்சரிக்கை என்று இரண்டு பக்கக் கடிதம் வந்தது. என் கணவர் அதை வாங்கி வாசித்தார், பின்பக்கம் திருப்பிப் பார்த்தார், வெளிச்சத்திலும் பிடித்துப் பார்த்தார். "இதிலை சீல் இல்லையே" என்றார். அந்தக் கிழமையில் நாங்கள் முதன்முதலாகச் சிரித்தது அப்போதுதான்.

ஜூலையில் அவளுடைய பத்து மாதம் முடிந்தது. படிப்பை முடித்துத் திரும்புகிறார் என்று உறுதிப்படுத்த இன்னொரு படிவம். மறுபடி ஒரு கோடு, மறுபடி ஒரு புள்ளி வட்டம். எங்கள் துறைச் சீல் துறைத் தலைவரின் லாச்சியில் பூட்டியிருக்கும். நான் அதைத் தொடக்கூடாது என்று எச்சரிக்கைக் கடிதத்தில் தெளிவாகவே இருக்கிறது. அவர் எடுத்துக் குத்தினார். பழக்கமில்லாத கை, ஒரு பக்கம் மங்கலாக விழுந்தது. மறுபடி குத்தவா என்று கேட்டார். அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பார்த்தேன், எல்லா எழுத்தும் வாசிக்க முடிந்தது. போதும் என்றேன்.

மின்தூக்கிவரை அவளோடு போனேன். அவள் என்னைக் கட்டிப்பிடித்தாள். நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சீலுக்காகவா என்றாள். இல்லை, அந்தப் புதன்கிழமைக்காக என்றேன். "நீங்கள் எழுதி முடித்ததும் நிமிர்ந்து பார்ப்பீர்கள் என்று காத்திருந்தேன்" என்றாள். மின்தூக்கி வந்தது, அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அந்த மஞ்சள் கொப்பி இன்னும் என் லாச்சியில் இருக்கிறது. மாணவிக்கு நினைவில்லை என்ற வரிக்குக் கீழே, அன்று நான் அரைப் பக்கம் எழுதியிருக்கிறேன். எடுத்து வாசித்துப் பார்த்தேன். திகதி, அறை இலக்கம், வந்தவர்கள் யார் யார், மறுபடி திகதி. ஒருவரும் சொல்லாதவற்றையெல்லாம் எழுதியிருக்கிறேன். அந்தக் கிளார்க் அந்தப் பெரிய பதிவேட்டில் அரைமணி நேரம் அப்படி என்னதான் எழுதினார் என்று முப்பது வருடமாக யோசித்திருக்கிறேன். இப்போது எனக்குத் தெரியும்.